ஒரே கையில் நான்கு சாவி

கோவைக்கு வடக்கே ஒரு பம்ப்செட் தொழிற்சாலை. சுமார் முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஸ்டோரைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் ஒரு நாள் மாலை நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் காலை ஷிப்டில் வைண்டிங் பிரிவுக்குச் செம்புக் கம்பி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. ஸ்டோர் சாவி அவர் வீட்டில் இருந்தது. ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள். கணினியின் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். கம்பி அனுப்பும் வியாபாரிகளின் எண்கள் அவருடைய சொந்த செல்போனில் இருந்தன. எந்த கேஜ் கம்பி எந்த ரேக்கில் இருக்கிறது என்பது அவர் மனதில் மட்டும் இருந்த கணக்கு. மூன்று நாட்கள் வைண்டிங் பிரிவு நொண்டியடித்தது.

அந்த வாரத்தில்தான் ஆள் நிர்வாகம் தொடர்பான வேறொரு வேலைக்காக நான் அங்கே போயிருந்தேன். “அவருதாங்க எல்லாமே. அவரு இல்லீன்னா ஸ்டோர்ல ஒரு ஆணிகூட நகராதுங்க” என்றார் முதலாளி. பெருமையாகத்தான் சொன்னார். அதில் பாசமும் இருந்தது. மருத்துவமனைச் செலவை அவரே ஏற்றிருந்தார்.

நான்காம் நாள் சரக்கை எடை போட்டுப் பார்த்தார்கள். ஏட்டில் இருப்பதைவிட 340 கிலோ செம்புக் கம்பி குறைந்தது. அன்றைய விலைக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். அதே முதலாளியின் வாயிலிருந்து அன்று மதியத்துக்குள் வேறு சொற்கள் வந்தன. ஸ்டோர்காரர் உடம்பு தேறித் திரும்பியபோது மேசை மேல் விளக்கம் கேட்கும் கடிதம் காத்திருந்தது. அவர் விளக்கம் எழுதவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு மாதம் கழித்து, கம்பி வியாபாரியின் கணக்கோடு கம்பெனிக் கணக்கை ஒப்பிட்ட ஆடிட்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட கம்பிச் சுருள்கள் ஸ்டோர் ஏட்டில் கழிக்கப்படவே இல்லை. வியாபாரி அவற்றுக்கெல்லாம் ஒழுங்காக கிரெடிட் நோட் கொடுத்திருந்தார். அவை அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு கோப்பில் கிடந்தன. திருப்பி அனுப்பியதை யார் ஏட்டில் எழுத வேண்டும்? தரம் பார்ப்பவர்கள் அது ஸ்டோர் வேலை என்றார்கள். அக்கவுண்ட்ஸ்காரர்கள் தரப் பிரிவைக் காட்டினார்கள். கேட் செக்யூரிட்டியிடம் கேட்டால், கேட் பாஸ் இருந்ததா என்று பார்ப்பதோடு தன் வேலை முடிந்தது என்றார். யாருமே பொய் சொல்லவில்லை. அந்த வேலை எழுத்தில் ஒருவர் பெயரிலும் இல்லை. திருட்டும் நடக்கவில்லை. ஒரு மனிதர் பதினெட்டு ஆண்டில் சேர்த்த நல்ல பெயர் மட்டும் போனது.

அவருடைய நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே பக்கம். பதவி: ஸ்டோர் கீப்பர். கீழே சம்பளம், வேலை நேரம், விடுப்பு. கடைசியில் ஒரு வரி: ‘நிர்வாகம் அவ்வப்போது இடும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்.’ அவர் செய்த வேலை முழுவதும் அந்தப் ‘பிற பணிகள்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருந்தது.

கம்பெனி ஆட்கள் ஜே.டி. என்று சுருக்கிச் சொல்லும் பணி வரையறையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் சொல்கிறேன். நம் ஊரில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. ஆள் எடுக்கும்போது இணையத்தில் இருந்து எடுத்து விளம்பரத்தில் போடுவார்கள். தரச் சான்றிதழுக்கு ஆய்வாளர் வருகிறார் என்றால் முதல் நாள் இரவு அச்சடித்துக் கோப்பில் கோப்பார்கள். அதைப் படித்த தொழிலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பூட்டும் சாவியும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. முதலாளிக்கு எவ்வளவு தேவையோ, அதைவிட அதிகமாகத் தொழிலாளிக்கு அது தேவை.

பொருளுக்கு ஆர்டர் போடுவது, வந்த சரக்கைப் பெற்றுக்கொள்வது, ஏட்டில் ஏற்றுவது, பில் சரி என்று கையெழுத்துப் போடுவது. இந்த நான்கும் நான்கு சாவிகள். நான்கும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை கெட்டதாக இருந்தால் கம்பெனிக்கு ஆபத்து; நல்லதாக இருந்தால் அந்த மனிதருக்கே ஆபத்து. ஏதாவது குறையும்போது அவர் எடுக்கவில்லை என்று சொல்ல இரண்டாவது சாட்சி கிடையாது. ‘நம்பிக்கையான ஆள்’ என்று சொல்லி நான்கு சாவியையும் ஒருவரிடம் கொடுப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய அநியாயம் அவருக்கு வேறு இல்லை.

சின்னக் கம்பெனியின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லண்டனின் பேரிங்ஸ் வங்கி 1762இல் தொடங்கியது. இங்கிலாந்து அரச குடும்பமே அதன் வாடிக்கையாளர். 1992இல் நிக் லீசன் என்ற இளைஞரை சிங்கப்பூருக்கு அனுப்பியது. அங்கே பங்குக் குறியீட்டு முன்பேர வணிகத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு. நடந்த வணிகத்தைச் சரிபார்த்துக் கணக்கை முடிக்கும் பின்னலுவலகமும் அவர் கீழேயே வந்தது. வாங்கி விற்பவரும் அவர், வாங்கி விற்றது சரிதானா என்று பார்ப்பவரும் அவர். நட்டம் வரும்போதெல்லாம் அதை 88888 என்ற எண் கொண்ட பிழைக் கணக்கில் தள்ளிவிட்டார். லண்டனுக்கு லாபம் மட்டுமே தெரிந்தது. லாபம் வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது 1994 ஆகஸ்டில் நடந்த ஒரு விஷயம். வங்கியின் சொந்த உள்தணிக்கையாளர்கள் சிங்கப்பூர் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, இந்த இரண்டு வேலையும் ஒருவரிடம் இருக்கக் கூடாது, பிரிக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அறிக்கை போனது. பிரிக்கப்படவில்லை. ஒருவரின் பணி வரையறையில் இரண்டு வரியை அடித்து, இன்னொருவரின் தாளில் எழுதியிருந்தால் போதும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தது. டோக்கியோ பங்குச் சந்தை சரிந்தது. சந்தை ஏறும் என்று லீசன் வைத்திருந்த பந்தயம் எல்லாம் கவிழ்ந்தது. பிப்ரவரி 23இல் அவர் சிங்கப்பூரைவிட்டுப் போனார். நட்டம் 82.7 கோடி பவுண்டு. வங்கியின் மூலதனத்தைவிடப் பெரிய தொகை. 233 ஆண்டு பழைய அந்த வங்கியை நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. நிறுவனம் ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. லீசன் சிங்கப்பூர் சிறைக்குப் போனார். குற்றம் அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் இருபத்தைந்து வயது இளைஞரின் கையில் இரண்டு சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கை வந்தும் ஒன்றைத் திரும்ப வாங்காமல் இருந்த மேலதிகாரிகளின் பங்கு சின்னதில்லை.

நம் நாட்டில் இதே கதை 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. மும்பை கோட்டைப் பகுதியில் உள்ள பிராடி ஹவுஸ் கிளையில், வைர வியாபாரிகளுக்கு வெளிநாட்டுக் கடனுக்கான உறுதிக் கடிதங்கள் ஸ்விஃப்ட் செய்தியாகப் போய்க்கொண்டிருந்தன என்றும், வங்கியின் மையக் கணினியில் அவை ஏற்றப்படவே இல்லை என்றும் பஞ்சாப் நேஷனல் வங்கி அறிவித்தது. வழக்கு 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த மேசையில் இருந்த துணை மேலாளர் ஏழு ஆண்டுகள் அதே இடத்தில் இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. விஷயம் வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள். பெரிய புலனாய்வு எதுவும் நடக்கவில்லை. அவர் 2017இல் ஓய்வு பெற்றார். அந்த இருக்கைக்கு வந்த புதியவரிடம், வழக்கம்போல உறுதிக் கடிதம் கொடுங்கள் என்று கேட்டு வியாபாரியின் ஆட்கள் வந்தார்கள். ஈட்டுத் தொகை எங்கே என்று அவர் கேட்டார். இதுவரை அப்படிக் கேட்டதில்லையே என்றார்கள். அந்தப் பதிலில் இருந்துதான் நூல் பிரிந்தது. தன் வேலை என்ன என்று தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

வங்கிகளில் முக்கிய இருக்கையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் குறைந்தது பத்து வேலை நாட்கள் தொடர்ச்சியாக, முன்கூட்டித் தெரிவிக்கப்படாமல், கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் சொன்னதன் காரணம் இதுதான். பத்து நாள் இன்னொருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால், மூடி வைத்த எதுவும் தானாக மேலே வந்துவிடும். நம் ஸ்டோர்காரர் பதினெட்டு ஆண்டில் பத்து நாள் தொடர்ந்து லீவு எடுத்ததே இல்லை. அதையும் முதலாளி பெருமையாகத்தான் சொன்னார். பத்து நாள் வேறொருவர் பார்த்திருந்தால், திரும்பிப் போன கம்பி ஏட்டில் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு உத்திரமேரூர் சபையில் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். யார் எதைச் செய்வது, எவ்வளவு காலம் செய்வது, யார் வரவே கூடாது என்பதைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் நிறுத்தினார்கள். இன்று பல நிறுவனங்களில் இது ஏ4 தாளில்கூட இல்லை.

ஒரே கையில் எல்லாச் சாவியும் இருப்பது ஒரு ஆபத்து. எந்தக் கையிலும் இல்லாத சாவி அதைவிடப் பெரிய ஆபத்து. போபாலைச் சொல்கிறேன். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையில் மீதைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எப்படிப் புகுந்தது என்பதில் நிறுவனம் ஒன்று சொல்கிறது: யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை. ஆலைத் தொழிலாளர்கள் சொல்வது வேறு: அன்று மாலை குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், அப்படிக் கழுவும் முன்பு, தண்ணீர் தொட்டிப் பக்கம் போகாதபடி குழாயின் இணைப்பில் ஒரு தகடு செருக வேண்டும், அது செருகப்படவில்லை. தகடு செருகுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பராமரிப்பு மேற்பார்வையாளர். செலவைக் குறைக்கிறோம் என்று அந்த ஷிப்டில் அந்தப் பதவியையே சில நாள் முன்பு எடுத்துவிட்டார்கள். பதவி போனது, அதில் இருந்த வேலை யாருக்கும் மாற்றிக் கொடுக்கப்படவில்லை. கழுவச் சொல்லப்பட்டவருக்குக் கழுவுவதுதான் வேலை. அந்தப் பிரிவில் ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர் இருந்தது ஆறு பேராகக் குறைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் எப்படிப் போனது என்ற தகராறில் நீங்கள் யார் பக்கம் நின்றாலும், ஆட்குறைப்பு நடந்ததும் பாதுகாப்புக் கருவிகள் பல அன்று இயங்காமல் கிடந்ததும் உண்மை. அந்தக் காலையில் போபால் தெருக்களில் கிடந்தவர்களை நினைத்துப் பார்க்கும் எவருக்கும், ஒரு பதவியை எடுக்கும்போது அதன் வேலைகள் எங்கே போகின்றன என்று கேட்பது வெறும் அலுவலக வேலையாகத் தோன்றாது.

இன்றைய சாவிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. திருப்பூரிலும் அம்பத்தூரிலும் சின்ன நிறுவனங்களில் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய ஓ.டி.பி. யாருடைய செல்போனுக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பு வேலையைவிட்டுப் போன கணக்கருடைய போனுக்குப் போகும். மாதாமாதம் இருபதாம் தேதி வந்தால் அவரைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுப்பா” என்று கேட்பார்கள். டேலியில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மானிட்டரின் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். வங்கிக் கணக்கில் பணம் அனுப்புவதற்குப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் கொடுப்பவர் வேறொருவர் என்று வங்கியே இரண்டு படி வைத்திருக்கும். இரண்டு டோக்கனும் ஒரே மேசை டிராயரில் கிடக்கும்.

கணினியில் யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்று தீர்மானிப்பது பெரிய தொழில்நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். தொழில்நுட்பக்காரருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இவருக்கு என்ன வேலை?’ அதற்குப் பதில் எழுத்தில் இல்லாவிட்டால், கேட்டவர்க்கெல்லாம் எல்லாவற்றையும் திறந்துவிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரத்தின் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பட்டியலின் இரண்டாவது, பொறுப்புகளை வரையறுப்பது. மூன்றாவது, ஒன்றோடொன்று முரண்படும் வேலைகளைப் பிரிப்பது. வைரஸ் தடுப்பு அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது. விலகிப் போகும் நாளில் ஒருவரிடம் இருந்து எதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்ற பட்டியலும், சேரும் நாளில் கொடுத்த பணி வரையறையில் இருந்துதான் பிறக்க முடியும்.

சட்டத்தின் பக்கமும் இதற்குண்டு. நீளமாகச் சொல்லப்போவதில்லை. ஒருவர் தொழிலாளியா, மேலாளரா என்ற வழக்கு வரும்போது நம் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்றே பார்க்கின்றன. ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று நம்பும் நிர்வாகங்களும், அந்த அட்டையை நம்பி உரிமையைக் கேட்காமல் இருக்கும் இளைஞர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்ல விஷயம். அந்தக் கடிதமும் ‘பிற பணிகள்’ என்ற பழைய வரியோடு முடிந்தால் கிடைத்த வாய்ப்பு வீணாகும்.

எழுதிக் கொடுத்தால் ஆட்கள் ‘இது என் வேலை இல்லை’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்பது முதலாளிகள் என்னிடம் எப்போதும் சொல்லும் பதில். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பத்துப் பேர் இருக்கும் பட்டறையில் லேத் ஓட்டுபவர்தான் லாரி வந்தால் சரக்கும் இறக்குவார். அந்த ஒத்தாசை இல்லாமல் பட்டறை நடக்காது. ஆனால் நான் பார்த்த வரையில் ‘இது என் வேலை இல்லை’ என்ற பேச்சு அதிகம் கேட்பது எதுவும் எழுதப்படாத இடங்களில்தான். எல்லை தெரியாதவர்தான் பயத்தில் விலகுவார். எது தன் வேலை என்று உறுதியாகத் தெரிந்தவர் அடுத்தவருக்குக் கைகொடுக்கத் தயங்குவதில்லை. கொடுத்த கை நாளைக்குத் தன் கழுத்தில் விழாது என்று அவருக்குத் தெரியும்.

எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. வேலை செய்பவர் பக்கத்தில் இரண்டு நாள் நின்று பார்க்க வேண்டும். அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் ஆளுக்குத் தமிழில், ஒடிசாவில் இருந்து வந்தவருக்கு ஒடியாவில். ‘பொறுப்பேற்பார், உறுதிசெய்வார்’ என்ற பொத்தாம்பொதுச் சொற்கள் வேண்டாம். எடை போடுவார், எழுதுவார், கையெழுத்து வாங்குவார் என்று கையால் செய்வதை எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் தனியாகச் செய்யக் கூடாதவை எவை என்று எழுத வேண்டும். நம் ஊர்ப் பணி வரையறைகளில் நான் தேடித் தேடியும் கிடைக்காத பகுதி அதுதான். அவர் வராத நாளில் யார் பார்ப்பார் என்ற ஒரு வரி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி படித்துத் திருத்தும் தேதி.

அந்தப் பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோருக்கு இப்படி ஒரு தாள் எழுத ஒப்புக்கொண்டார்கள். ஆடிட்டர் உண்மையைக் கண்டுபிடித்த பிறகு முதலாளிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவரே சொன்னார். ஸ்டோர்காரரின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். திரும்ப வரச் சொன்னார். அவர் வரவில்லை.

எழுதி முடித்த தாளை எடுத்துக்கொண்டு நான் அவரைப் பார்க்கப் போனேன். துடியலூர்ப் பக்கம் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஆர்டர் போடுவது பர்ச்சேஸ், எடை பார்ப்பது ஸ்டோரும் கேட்டும் சேர்ந்து, ஏட்டில் ஏற்றுவது ஸ்டோர், பில்லுக்குக் கையெழுத்து அக்கவுண்ட்ஸ். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். திருப்பி அனுப்பும் சரக்கு பற்றிய வரியில் விரல் நின்றது.

“ரிஜெக்ஷன் வெளிய போறப்ப கேட் பாஸ் நம்பரு மட்டும் போதாதுங்க சார். வண்டி நம்பரும் எழுதோணும். ஒரே கேட் பாஸ்ல ரெண்டு வண்டி போன நாளும் இருக்குதுங்க. அதையும் சேத்திருங்க” என்றார்.

பேனாவை வாங்கி அந்த வரியின் ஓரத்தில் அவரே எழுதினார். அடுத்த வாரம் ஸ்டோர் கண்ணாடியில் ஒட்டிய தாளில் அது ஏழாவது வரி.